ஹஜ் நோட்டும் எட்டு டாலரும்: தோல் ஊர்களின் அந்நியச் செலாவணிக் கதை

பத்து ரூபாய் நோட்டு ஒன்று. அச்சிட்டது இந்திய ரிசர்வ் வங்கி. கவர்னரின் கையெழுத்து இருக்கிறது, சிங்க முத்திரை இருக்கிறது. ஆனால் அதைக் குடியாத்தம் கடைத்தெருவில் நீட்டியிருந்தால் ஒரு டீ கூடக் கிடைத்திருக்காது. காரணம், அந்த நோட்டு இந்தியாவுக்குள் செல்லாது! கடல் தாண்டி சவூதி அரேபியாவுக்குப் போனால்தான் அதற்கு மதிப்பு.

அதன் பெயர் ஹஜ் நோட்டு. 1959ல் வெளியானது. பத்து ரூபாய், நூறு ரூபாய் என்று இரண்டே மதிப்புகள். எண்ணுக்கு முன்னால் 'எச்.ஏ.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். புழக்கத்தில் இருந்த சாதாரண நோட்டின் நிறம் இதற்குக் கிடையாது, பார்த்தவுடனே அடையாளம் தெரிந்துவிடும்.

வெளிநாடு போகிறவனுக்கு அந்த நாட்டுப் பணம் எப்படிக் கிடைத்தது, என்ன விலைக்குக் கிடைத்தது? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் பல ஊர்களை வைத்துப் பதில் சொல்லலாம். ஆனால் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தப் பகுதிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இந்த ஊர்கள் நூறு வருடங்களுக்கு மேலாக நாட்டுக்கு அந்நியச் செலாவணி சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருப்பவை. அப்படிப்பட்ட ஊர்க்காரர் ஒருவருக்கு வெளிநாடு போகக் கையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்த்தால்தான் கதையின் வேடிக்கை புரியும்.

ரூபாயே பயணம் போன காலம்

முதலில், பணம் மாற்றவே தேவைப்படாத ஒரு காலம் இருந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் ரங்கூனுக்குப் போனாலும் கொழும்புக்குப் போனாலும் ரூபாய்தான். பர்மா 1937 ஏப்ரல் வரை இந்தியாவோடு சேர்ந்த மாகாணமாகவே இருந்தது. அது பிரிந்த பிறகும் பத்து வருடம், அதாவது 1947 வரை, அந்த நாட்டின் நோட்டு விவகாரத்தைக் கவனித்தது நம் ரிசர்வ் வங்கியேதான். இலங்கைக்குத் தனி மத்திய வங்கி வந்தது 1950ல். அதுவரை இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று.

குடியாத்தம் கைலி நெசவுக்குப் பேர்போன ஊர். (தீப்பெட்டித் தொழிலால் 'குட்டி சிவகாசி' என்றும் பெயர் வாங்கிய ஊர்.) தமிழ்நாட்டுக் கைலி பர்மாவிலும் இலங்கையிலும் விற்ற சரக்கு. சரக்கோடு கப்பல் ஏறிய வியாபாரிக்கு 'எக்ஸ்சேஞ்ச் ரேட்' என்ற தலைவலி அங்கெல்லாம் கிடையாது. மடியில் முடிந்துகொண்ட ரூபாய் அக்கரையிலும் ரூபாய்தான்.

வளைகுடாப் பக்கமும் இதே நிலைமை. குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் எல்லா இடத்திலும் இந்திய ரூபாய் செல்லும். துபாய் கடையில் இந்திய ரூபாய் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கிய காலம் என்றால் இன்று நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உண்மை.

தோல் வியாபாரம் மட்டும் வேறு மாதிரி. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி தோல் மண்டிக்காரர்களின் சந்தை லண்டனில் இருந்தது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, லண்டனில் ஏலத்தில் விலைபோகும். அங்கே 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று அதற்குப் பெயர். பணம் பவுண்டில் வரும். சென்னையில் உள்ள எக்ஸ்சேஞ்ச் வங்கிகள் அதை ரூபாயாக்கிக் கொடுக்கும். 1927லிருந்து ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று விலை நிர்ணயம் ஆகியிருந்தது. அதாவது ஒரு பவுண்டுக்குப் பதின்மூன்று ரூபாயும் சில்லறையும். இந்தக் கணக்கு 1966 வரைக்கும் மாறவே இல்லை. (இன்றைக்குக் காலையும் மாலையும் டாலர் விலையைச் செல்போனில் பார்க்கிற ஏற்றுமதியாளர்கள் பெருமூச்சு விடலாம்.)

பூட்டு விழுந்த வருடம்

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. அதே மாதம் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் வந்தது. போர்க்காலத்துக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவந்த ஏற்பாடு அது. போர் 1945ல் முடிந்தது. கட்டுப்பாடு முடியவில்லை! 1947 மார்ச்சில் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் என்று தனிச் சட்டமாகவே உட்கார்ந்துகொண்டது. 1973ல் அதைவிடக் கடுமையான புதிய சட்டம் வந்தது, 1974 ஜனவரி முதல் அமல். அதுதான் 'ஃபெரா'. வணிகவியல் படிப்பவர்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் பெயர். அப்பா தாத்தா காலத்தில் அது பயத்தோடு உச்சரிக்கப்பட்ட பெயர். செலாவணிக் குற்றம் என்றால் அபராதத்தோடு போகாது, ஜெயிலும் உண்டு.

சுதந்திரம் கிடைத்த போது இந்தியாவிடம் பணம் இல்லாமல் இல்லை. போரில் பிரிட்டன் நம்மிடம் வாங்கிய சரக்குக்கும் சேவைக்கும் கடன்பட்டு, லண்டனில் நம் கணக்கில் ஸ்டெர்லிங் இருப்பு மலைபோல் குவிந்திருந்தது. அதில் தோலும் ஒரு பங்கு. போர்க்காலத்தில் பட்டாளத்து பூட்ஸுக்குத் தோல் வேண்டாமா! ஆனால் 1956ல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியதும் உருக்காலைக்கும் இயந்திரங்களுக்கும் அந்த இருப்பு வேகமாகக் கரைந்தது. 1957ல் செலாவணி நெருக்கடி. அதன் பிறகு அரசாங்கத்தின் பார்வையில், ஊர் சுற்றிப் பார்க்க வெளிநாடு போகிறவன் நாட்டின் பணத்தைக் கரைக்கிறவன்.

ஆனால் ஹஜ் பயணத்தை அப்படி ஒதுக்க முடியுமா? அது மதக் கடமை.

ஹஜ் நோட்டு எப்படிப் பிறந்தது?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஊர்களிலிருந்து ஹஜ்ஜுக்குப் போகும் வழக்கம் பழையது. அந்தக் காலத்தில் ரயிலில் பம்பாய்க்குப் போய், அங்கிருந்து மொகல் லைன் கப்பலில் ஜித்தாவுக்குப் போகவேண்டும். ஜித்தாவிலும் மக்காவிலும் பணம் மாற்றுகிறவர்கள் இந்திய ரூபாயை வாங்கிக்கொண்டு ரியால் கொடுப்பார்கள்.

இங்கே ஒரு சுவையான விஷயம். அன்று சவூதி ரியால் என்பது வெள்ளி நாணயம். கனமோ கனம். ஹஜ்ஜுக்கு வருகிறவர்கள் அதைச் சுமக்க முடியாமல் திண்டாடினார்கள். 1952ல் தொடங்கப்பட்ட சவூதியின் மத்திய வங்கி, 1953ல் 'யாத்ரீகர் ரசீது' என்று ஒரு காகிதத்தை வெளியிட்டது. வெள்ளிக்குப் பதில் இந்தக் காகிதத்தை வைத்துக்கொள்ளலாம். அதில் அரபியோடு உருது, மலாய் உட்பட வேறு மொழிகளிலும் எழுதியிருந்தது. வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் வீட்டில் உருது பேசுகிற ஒருவர் ஜித்தாவில் இறங்கி, தனக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்தை அந்தப் பணத்தின் மேலேயே பார்த்திருப்பார். சவூதியின் காகிதப் பணத்துக்கு ஆரம்பப் புள்ளியே யாத்ரீகர்களுக்காக அச்சிட்ட அந்த ரசீதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வளைகுடாவில் ரூபாய் தாராளமாகச் செல்லும் என்பது கடத்தல்காரர்களுக்கு வரப்பிரசாதம் ஆகிவிட்டது. இந்தியாவில் தங்கத்தின் விலை அதிகம், துபாயில் குறைவு. இங்கிருந்து ரூபாய் நோட்டுக் கட்டைக் கடத்திக்கொண்டுபோய் அங்கே தங்கம் வாங்கி, அதை இங்கே கடத்திவந்து விற்றுவிடுவார்கள். துபாயில் சேர்ந்த அந்த ரூபாய்க் கட்டுகள் அங்குள்ள வங்கிகள் வழியாக ரிசர்வ் வங்கிக்கே திரும்பி வரும். ரிசர்வ் வங்கி அதற்கு ஈடாகப் பவுண்டு கொடுக்கவேண்டும். அதாவது கடத்தல் தங்கத்துக்கு அரசாங்கமே அந்நியச் செலாவணி கொடுத்த கதை!

இதை நிறுத்தத்தான் 1959ல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள். சாதாரண ரூபாய் நோட்டு இனி இந்தியாவுக்குள் மட்டும். வளைகுடா நாடுகளில் புழங்குவதற்கு வேறு நிறத்தில் தனி நோட்டு. ஹஜ் பயணிகளுக்கு இன்னொரு தனி நோட்டு. எந்த நோட்டு எங்கிருந்து திரும்பி வருகிறது என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சாதாரணப் பயணியின் கண்ணால் பார்த்தால் இது ஒரு அருமையான ஏற்பாடு. கையில் இருக்கும் ரூபாயைக் கொடுத்தால் அதே மதிப்புக்கு ஹஜ் நோட்டு. டாலர் விலை, பவுண்டு விலை என்று எதையும் தெரிந்துகொள்ள வேண்டாம். படிக்காத நெசவாளிக்கும் தோல் ஷாப்பில் வேலை செய்தவருக்கும் புரிகிற கணக்கு. ரியாலாக மாற்றும்போது ஜித்தாவில் என்ன விலை கொடுப்பான் என்பது ஒன்றுதான் கவலை. இந்தியாவில் வெளிநாட்டுச் செலவுப் பணத்தை ஏழைக்கும் எளிதாகக் கொடுத்த முறை என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்லவேண்டும்.

வளைகுடா நோட்டுகளுக்கு ஆயுள் குறைவு. 1961ல் குவைத் சொந்த தினாருக்கு மாறியது, 1965ல் பஹ்ரைன். 1966 ஜூன் 6ஆம் தேதி இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது ஒரே நாளில் 7.50 ஆனது. வளைகுடாவில் ரூபாய் வைத்திருந்தவர்கள் எந்தத் தப்பும் செய்யாமலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தார்கள். கத்தாரும் துபாயும் அந்த வருடமே ரூபாயைக் கைவிட்டன. ஹஜ் நோட்டும் பிறகு நிறுத்தப்பட்டது. இன்று அது நாணயம் சேகரிப்பவர்களின் பொக்கிஷம். லண்டன் ஏலங்களில் கூட விற்கிறது. ஆம்பூர் தோலை ஏலம் போட்ட அதே லண்டன்!

எட்டு டாலர்

ஹஜ் பயணியைத் தவிர மற்றவர்கள் கதை என்ன?

வெளிநாடு போகவேண்டும் என்றால் பாஸ்போர்ட், விசாவோடு 'பி ஃபாரம்' என்று ஒன்று வேண்டும். ரிசர்வ் வங்கி ஒப்புதல் கொடுத்த அந்தத் தாள் இல்லாமல் கப்பல் டிக்கெட்டோ விமான டிக்கெட்டோ வாங்க முடியாது. ஏன் போகிறாய், யார் செலவு செய்கிறார்கள், செலவு செய்கிறவர் உனக்கு என்ன உறவு... எல்லாவற்றுக்கும் பதில் சொல்லவேண்டும். குடியாத்தத்துக்காரருக்கு இது ரயில் பிடித்துச் சென்னைக்குப் போய் அலைய வேண்டிய வேலை.

ஃபாரம் கிடைத்துவிட்டால் பணம் கிடைக்குமா? 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்து போனவர்கள் 3 பவுண்டோடு போய் இறங்கினார்கள். பிற்பாடு, அமெரிக்கா போனவர்கள் 8 டாலரோடு. மதிப்புக் குறைப்புக்குப் பிறகான விலையில் 8 டாலர் என்பது அறுபது ரூபாய். அந்தத் தலைமுறையில் அமெரிக்கா போய்ப் பேராசிரியர்களாகவும் டாக்டர்களாகவும் ஆனவர்கள் பலர் இன்றும் 'எட்டு டாலரோடு வந்தேன்' என்றுதான் தங்கள் கதையை ஆரம்பிப்பார்கள். அது மிகைப்படுத்தல் இல்லை, விதியே அதுதான். நியூயார்க்கில் இறங்கி டாக்ஸி பிடித்தாலே தீர்ந்துவிடும் பணம். உதவித்தொகையோ உறவினரோ இல்லாதவன் போகவே முடியாது என்பதே அதன் பொருள்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். அதே 1970களில் அரசாங்கம் தோல் தொழிலை எப்படிப் பார்த்தது? அந்நியச் செலாவணி கொட்டும் தொழிலாக. 1972ல் சீதாராமையா குழு அறிக்கை கொடுத்தது. பச்சைத் தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்குத் தடை, பாதி பதனிட்ட தோலுக்கு அளவுக் கட்டுப்பாடு, முழுதாகப் பதனிட்ட தோலுக்கும் செருப்பு, பை போன்ற பொருளுக்கும் ஊக்கம் என்று கொள்கை மாறியது. ஒரு தோலுக்கு அதிக டாலர் வரவேண்டும் என்பதுதான் கணக்கு. கணக்கு பலித்தது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகள் வளர்ந்தன. குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறி 'அப்பர்' தைக்கப் போனார்கள்.

டாலர் வந்தது. கூடவே பாலாற்றில் உப்பும் குரோமியமும் வந்தன. இந்தப் பகுதி மக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, வேலை கொடுக்கிறது, ஆனாலும் சுற்றுச்சூழலை அழிக்க அதற்கு உரிமை இல்லை என்பது நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்னதன் சாரம். தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. டாலருக்காகத் தன் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்த ஊர் இது. இந்த ஊர்ப் பையன் மேல்படிப்புக்குக் கிளம்பினால் அவன் கையில் கொடுக்கப்பட்டது எட்டு டாலர். சம்பாதித்த டாலர் எல்லாம் எங்கே போயிற்று என்றால், கச்சா எண்ணெய்க்கும் உரத்துக்கும் இயந்திரத்துக்கும் போயிற்று. அது நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உணவுக் கப்பலுக்குக் காத்திருந்த நாடு சுற்றுலாவுக்கு டாலர் கொடுக்க முடியாதுதான். ஆனால் கட்டுப்பாட்டின் சுமை எல்லார் மேலும் ஒரே மாதிரி விழவில்லை.

ஏற்றுமதியாளர்களுக்கு வழி இருந்தது. பாரிஸ் தோல் வாரத்துக்கும், இத்தாலியில் போலோனியாவில் நடந்த லீனியாபெல்லே கண்காட்சிக்கும், ஜெர்மனியில் டியூசல்டார்ஃப் காலணிக் கண்காட்சிக்கும் போய்வர அவர்களுக்கு வியாபாரப் பயணம் என்ற கணக்கில் செலாவணி கிடைத்தது. 1992ல் இன்னொரு சலுகையும் வந்தது. ஏற்றுமதியில் வந்த டாலரில் ஒரு பகுதியை ரூபாயாக மாற்றாமல் அப்படியே ஒரு தனிக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் பதினைந்து சதவீதம். இதன் லாபம் என்ன தெரியுமா? வந்த டாலரை வங்கியிடம் குறைந்த விலைக்கு விற்று, பிறகு பயணத்துக்காக அதே வங்கியிடம் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் மிச்சம்.

சாதாரண ஆள் அந்த இரண்டு பக்கத்திலும் இழப்பவர். எவ்வளவு இழப்பார் என்பதுதான் ஒவ்வொரு காலத்திலும் மாறியிருக்கிறது.

கதவு திறந்தது

எண்பதுகளில் வெளிநாட்டுப் பயணத் திட்டம் என்ற பெயரில் 500 டாலர் கொடுத்தார்கள். அதுவும் வருடா வருடம் கிடையாது. எட்டு டாலர் காலத்தை நினைத்தால் அதுவே பெரிய புரட்சி. 1991 நெருக்கடி, ஜூலையில் இரண்டு தவணையாக ரூபாய் மதிப்புக் குறைப்பு, 1993ல் சந்தையே டாலர் விலையை முடிவு செய்யும் முறை, 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்கில் ரூபாயைத் தாராளமாக மாற்றிக்கொள்ளும் அறிவிப்பு... இவை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருப்பதால் இங்கே விரிக்க வேண்டாம்.

2000 ஜூன் 1 முதல் ஃபெரா போய் 'ஃபெமா' வந்தது. ஒரே ஒரு எழுத்து மாற்றம் போலத் தெரியும். ஆனால் குற்றவியல் சட்டம் போய் அபராதத்தோடு முடிகிற சட்டம் வந்தது என்பது சாதாரண மாற்றம் இல்லை. அந்தச் சமயத்தில் சொந்தப் பயணத்துக்கு வருடத்துக்கு 5,000 டாலர், வியாபாரப் பயணத்துக்கு ஒரு தடவைக்கு 25,000 டாலர் என்று விதித்தார்கள். 2004 பிப்ரவரியில் தாராளப் பணம் அனுப்பும் திட்டம் வந்தது, வருடத்துக்கு 25,000 டாலர். ஏறி ஏறி 2007ல் 2,00,000 ஆனது. 2013ல் ரூபாய் சரிந்தபோது பயந்துபோய் 75,000க்கு இறக்கினார்கள். 2015ல் 2,50,000 ஆக்கி, சொந்தப் பயணச் செலவையும் அதற்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். எட்டிலிருந்து இரண்டரை லட்சம்!

ஆக, இப்போது கேள்வி 'கிடைக்குமா' என்பது இல்லை. 'என்ன விலைக்கு' என்பதுதான்.

விலைக்குள் ஒளிந்திருக்கும் கமிஷன்

கணக்கு சுலபமாக இருக்க டாலர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை, டிவியில் காட்டுவது. கவுன்ட்டரில் போய் டாலர் நோட்டு கேட்டால் 102, 103 என்பார்கள். விமான நிலையத்தில் கேட்டால் அதற்கும் மேலே. அந்த நேரத்தில் வேறு எங்கும் போக முடியாது என்பது கவுன்ட்டரில் இருப்பவருக்கும் தெரியும் அல்லவா! செலவழிக்காமல் மீந்த டாலரைத் திருப்பிக் கொடுத்தால் 97தான் கிடைக்கும். 'கமிஷன் இல்லை' என்று போர்டு வைத்திருந்தாலும், விலையிலேயே கமிஷன் உட்கார்ந்திருக்கிறது. ஆயிரம் டாலருக்கு மூவாயிரம் ரூபாய் என்பது ஷூ கம்பெனியில் தைக்கிறவருக்குச் சில நாள் கூலி.

நோட்டுக்கு ஏன் இவ்வளவு விலை? டாலர் நோட்டு என்பது ஒரு சரக்கு. அதை விமானத்தில் கொண்டுவரவேண்டும், இன்ஷூரன்ஸ் செய்யவேண்டும், பெட்டியில் பூட்டிவைக்கவேண்டும். சிக்கனமாக இருக்கவேண்டும் என்றால் நோட்டைக் குறைவாகவும், பெரும்பகுதியை முன்பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டிலும் வாங்குவதுதான் வழி. சட்டமும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலருக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். (தாமஸ் குக்கும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த டிராவலர்ஸ் செக் முறை இந்தக் கார்டுக்குத் தாத்தா. இப்போது அதைக் கண்ணால் பார்ப்பதே அரிது.) சாதாரண கிரெடிட் கார்டைத் தேய்த்தால் பல வங்கிகள் மூன்று சதவீதம் போல் மேல்கட்டணம் போடும். வெளிநாட்டுக் கடையில் 'ரூபாயிலேயே பில் போடட்டுமா?' என்று கேட்டால் ஆசைப்படக் கூடாது, அந்த மாற்று விலையை வைப்பது அவர்கள். உள்ளூர்ப் பணத்தில் போடச் சொல்வதே லாபம்.

வேலூரில் ஒரு வசதி உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்கதேசத்திலிருந்து நோயாளிகள் வருவதால் அதைச் சுற்றியுள்ள தெருக்களில் பணம் மாற்றும் கடைகள் இருக்கின்றன. நாலு கடை இருக்கும் இடத்தில் விலை கேட்டு வாங்கலாம். லைசென்ஸ் உள்ள கடையா என்று பார்த்து, ரசீது வாங்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ரசீது இல்லாமல் கொஞ்சம் மலிவாகக் கொடுக்கிறவனிடம் வாங்கி, அது கள்ள நோட்டு என்று வெளிநாட்டில் தெரியவந்தால் போய் முறையிட இடமே கிடையாது. 2019 ஆகஸ்டில் 'எஃப்எக்ஸ் ரீட்டெயில்' என்று ஒரு இணையச் சந்தையும் வந்தது. சின்ன வாடிக்கையாளரும் வங்கிகளுக்கிடையிலான விலையை ஒட்டி டாலர் வாங்கட்டும், அதன் மேல் வங்கி எடுக்கும் கட்டணம் தனியாகக் கண்ணுக்குத் தெரியட்டும் என்பதே நோக்கம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஊர்ப்பக்கம் அதைப் பற்றித் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

மறுபடியும் ஹஜ்

ஹஜ் நோட்டு போன பிறகும் அதன் சாயல் ஒன்று பல வருடம் இருந்தது. இந்திய ஹஜ் கமிட்டி வழியாகப் போகிறவர்கள் கட்டும் பணத்திலிருந்தே 2,100 ரியாலை எடுத்து, விமானம் ஏறும் முன் கையில் கொடுத்துவிடுவார்கள். முதல் முறை வெளிநாடு போகும் வயதானவர்களுக்கு இது பெரிய நிம்மதி. என்ன விலைக்கு மாற்றினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 2023ல் அதை நிறுத்தினார்கள். அவரவருக்கு வேண்டிய அளவு ரியாலை அவரவரே வாங்கிக்கொள்ளலாம், ஸ்டேட் வங்கி நோட்டாகவும் கார்டாகவும் கொடுக்கும் என்று ஏற்பாடு.

எல்லாருக்கும் ஒரே தொகை என்று கட்டாயப்படுத்துவதைவிட இது சுதந்திரம்தான், செலவும் குறையலாம். ஆனால் பேரணாம்பட்டில் பீடி சுற்றிச் சேர்த்த பணத்தில் ஹஜ்ஜுக்குப் போகும் ஒரு மூதாட்டிக்கு 'கார்டா, நோட்டா, இன்றைக்கு ரேட் என்ன' என்ற கேள்விகள் புதிது. வீட்டில் படித்த பேரனோ பேத்தியோ இருந்தால் சரி. விலை விசாரிக்கத் தெரிந்தவருக்கு மலிவு, தெரியாதவருக்கு அதிகம் என்ற நிலை இப்போது அங்கும் வந்துவிட்டது. ஹஜ் நோட்டில் அந்த வித்தியாசம் இல்லை.

கொழும்பில் ஒரு டீ

2024 பிப்ரவரி 12ஆம் தேதி இலங்கையிலும் மொரீஷியஸிலும் யுபிஐ தொடங்கி வைக்கப்பட்டது. சிங்கப்பூரின் பேநவ் முறையோடு அதற்கு முந்தைய வருடமே இணைப்பு வந்துவிட்டது. குடியாத்தத்திலிருந்து கொழும்புக்குப் போகிற ஒருவர், அந்த வசதி உள்ள கடையில் க்யூஆர் அட்டையை போனால் ஸ்கேன் செய்தால் போதும், ஊரில் உள்ள தன் கணக்கிலிருந்து ரூபாய் போய்விடும். எண்பது வருடத்துக்கு முன்னால் கைலி மூட்டையோடு அங்கே போய் இறங்கியவரும் மடியிலிருந்து ரூபாயைத்தான் எடுத்துக் கொடுத்தார்.

ஒரு வித்தியாசம் உண்டு. அவருடைய ஒரு ரூபாய் அங்கேயும் ஒரு ரூபாய்தான். இவருடைய போனில், பின் நம்பரை அழுத்துவதற்கு முன், இலங்கை ரூபாய் இவ்வளவு, இந்திய ரூபாய் இவ்வளவு என்று இரண்டு எண்கள் வரும். மாற்று விலையும் கட்டணமும் அந்த இரண்டாவது எண்ணுக்குள்ளேதான் இருக்கின்றன. டீ ஆறிப்போனாலும் பரவாயில்லை, அந்த எண்ணை ஒரு தடவை படித்துவிட்டு அழுத்தலாம்.